செபஸ்தியான் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்?

1

இந்தக் கதை மீன் வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் எழுத்தாளர்கள் ஒருமுறை கூரையைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற பிறகு கதை எழுத ஆரம்பித்தேன், சிலர் யோகா ஆரம்பிப்பதைப் போல.

தி.நகரிலிருந்து வரும் ஒரு மாத இதழின் ஆசிரியர் தமிழ்மாறன் என்னிடம் கட்டுரை கேட்டிருந்தார். "தேசிய அளவுல தற்கொலைப் புள்ளிவிவரம் மேடம். வருஷா வருஷம் எப்படி ஏறுது, எப்படி இறங்குதுன்னு. ஒரு கிராஃப், ஒரு டேபிள். படிக்கிறவங்களுக்குப் புரியணும், அவ்வளவுதான்."

அந்த அவ்வளவுதானைப் பற்றி அவரோடு போனில் பேசியபடியே பட்டினப்பாக்கம் மீன் அங்காடியில் முத்தம்மாவின் கடை முன்னால் நின்றிருந்தேன். மந்தைவெளியில் இருக்கும் எனக்குப் பல வருஷங்களாக அவளிடம்தான் மீன். போனை வைத்ததும் கேட்டாள்.

"இன்னா டீச்சர், செத்தவங்க கணக்கா எழுதுற?"

"ஆமாம். இந்தியா முழுக்க, தானா உயிரை விட்டவங்க கணக்கு."

சங்கரா மீனின் செதிளைச் சுரண்டிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. "அதுல எங்கூட்டுக்காரரு கீறாரா?"

அவள் புருஷன் செபஸ்தியான் ஏதோ நோயில் இறந்துபோனார் என்றுதான் நான் கேள்விப்பட்டிருந்தேன். இப்படி ஒரு பெண் கேட்டால் மனுஷர்கள் என்ன செய்வார்கள்? கையைப் பிடிப்பார்கள், அல்லது அடடா என்பார்கள். நான் கேட்டது இது: "எந்த வருஷம்?"

"பாப்பாவுக்கு ஏழு வயசு. ரெண்டாயிரத்துப் பதினொண்ணு."

"அப்படின்னா இருப்பார்."

"எங்க கீறாரு?"

"போலீஸ்ல என்ன காரணம்னு எழுதினாங்க?"

"வயித்து வலின்னு."

"அப்போ நோய்ங்கிற கட்டத்துல இருப்பார்."

அவள் மீனைக் கழுவி, பையில் போட்டு, முடிச்சுப் போட்டு நீட்டினாள். பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ஆனா அவருக்கு வயித்து வலியே இல்ல டீச்சர்."

2

தொடக்கங்கள். மூன்று எழுதினேன். மூன்றையும் இங்கேயே விட்டுவைக்கிறேன்.

"இந்தியாவில் ஆண்டுதோறும் ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொள்வதாக" [கைவிட்டேன். இதைப் படித்த கை தானாக அடுத்த பக்கத்தைத் திருப்பும். எழுதிய என் கையே திருப்பியது.]

"அலைகள் ஓயாத பட்டினப்பாக்கம் கடற்கரையில், உப்புக் காற்று வீசும் ஒரு மாலை" [அலை என்றைக்கு ஓய்ந்தது? முத்தம்மாவிடம் இதைக் காட்டியிருந்தால் மீன் தராமல் அனுப்பியிருப்பாள்.]

"செபஸ்தியான் நல்ல மனிதர். ஃபைபர் படகில் தொழிலுக்குப் போய்வந்தவர். மகளைத் தோளில் வைத்துக்கொண்டுதான் தெருவில் நடப்பார். அவர் ஏன்" [இந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. முத்தம்மாவுக்கும் தெரியாது. ஆகவே இது முடியாமலே நிற்கட்டும்.]

3

இது கட்டுரைப் பகுதி. அவசரக்காரர்கள் நான்காவதுக்குத் தாவலாம். ஆனால் திரும்பி இங்கே வர வேண்டியிருக்கும்.

நாடு முழுவதும் காவல் நிலையங்களில் பதிவாகும் மரணங்களைத் தொகுத்து, தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. மொத்த எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படக் கூடாது, மக்கள்தொகையும் கூடிக்கொண்டே போகிறது அல்லவா? லட்சம் பேருக்கு எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும். 2010இல் அது பதினொன்றுக்குச் சற்று மேலே இருந்தது. மெல்ல இறங்கி 2017இல் பத்துக்குக் கீழே வந்தது. அங்கிருந்து மறுபடி ஏறி 2022இல் பன்னிரண்டைத் தாண்டியது. தமிழ்நாட்டின் விகிதம் அப்போது தேசிய விகிதத்தைப் போல இரண்டு மடங்கு. தேசியக் கோட்டை வரைந்து பார்த்தால் வாணலி மாதிரி இருக்கிறது, ஒரு பக்கத்துக் காது மட்டும் கொஞ்சம் உயரம்.

இந்த வாணலியை மூன்று விதமாகப் படிக்கலாம். 2017க்குப் பிறகு உண்மையிலேயே அதிகம் பேர் இறந்தார்கள் என்பது ஒன்று. மறைத்த வீடுகள் சொல்ல ஆரம்பித்தன என்பது இன்னொன்று. முயற்சி செய்து பிழைத்தவரைக் குற்றவாளியாக நடத்திய சட்டம் அந்தச் சமயத்தில்தான் பல்லிழந்தது, அதனால் பயம் குறைந்திருக்கலாம். மூன்றாவது இன்னும் வேடிக்கை. 2011க்குப் பிறகு தலைகளை எண்ணி முடித்த கணக்கு நம் கையில் இல்லை. ஆக, வகுக்கும் எண்ணே ஒரு ஊகம். எது சரி என்று வகுப்பில் மாணவிகள் கேட்டால், மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் என்பேன். அதற்குள் மணி அடித்துவிடும்.

அடுத்தது காரணங்களின் அட்டவணை. குடும்பப் பிரச்சினை, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. நோய், ஐந்தில் ஒன்றுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே.* இப்படியே இறங்கிக்கொண்டு போனால் 'காரணம் தெரியவில்லை' என்று ஒரு கட்டம் வரும். இந்தக் கட்டங்களை நிரப்பியது யார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. [இப்படி எழுதினால் குற்ற உணர்ச்சி மாதிரி தொனிக்கிறது. அதெல்லாம் இல்லை. கேட்கத் தோன்றவில்லை.]

* நாளிதழின் உள்பக்கத்தில் நான்கு வரிச் செய்தியாக 'தீராத வயிற்று வலி' வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பெயர், ஒரு வயது, ஓர் ஊர், வயிற்று வலி, போலீசார் விசாரித்து வருகின்றனர். உண்மையில் வயிறு வலித்ததா என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதை நாம் மரியாதை என்று வைத்திருக்கிறோம்.

4

காவல் நிலையக் காட்சியை இரண்டு தடவை எழுதினேன்.

முதல் படியில், எழுத்தர் பஞ்சாட்சரம் மேசையைத் தட்டினார். "ஏம்மா, புருஷனோட சண்டையா? உண்மையச் சொல்லு!" என்று அதட்டினார். அவருக்குத் தொப்பை கொடுத்தேன், முறுக்கிய மீசை கொடுத்தேன், காதில் ஒரு பேனாவும் செருகினேன். உச்சி வெயிலில் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து முத்தம்மாவிடம் படித்துக் காட்டினேன். ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து கேட்டவளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இன்னா டீச்சர் இது? அந்த ஆளு அப்டிலாம் இல்ல. தங்கமான மனுசன். டீ வாங்கியாரச் சொல்லி என்னாண்ட குடுத்தாரு. பாப்பாவுக்கு பன்னு."

"கொஞ்சம்கூட அதட்டலையா?"

"இன்னாத்துக்கு அதட்டணும்? அவரே கண்ணு கலங்கிக்கினு இருந்தாரு."

எனக்கு ஏமாற்றம்தான். வில்லன் இல்லாமல் கதை எழுதுவது பெரிய பேஜார். ஆனாலும் தொப்பையையும் மீசையையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். இது இரண்டாம் படி, அவள் சொன்னபடி.

"எதுனாலம்மா?" என்று பஞ்சாட்சரம் கேட்டார்.

"தெரில சார்."

"வூட்ல எதுனா பிரச்சனையா?"

"இல்ல சார்."

"தண்ணி போடுவாரா?"

"எப்பனா சார். திருநாளு, கல்யாணம்."

பஞ்சாட்சரம் பேனாவைக் கீழே வைத்தார். "இத பாரும்மா. தெரியலன்னு நான் எழுதிட்டேன்னு வையி, மேல கேப்பாங்க. உன்ன நாலு தபா கூப்புடுவாங்க, உங்க மாமனாரக் கூப்புடுவாங்க. வெளியில ஆளாளுக்கு உன்னப் பத்திக் கதை கட்டுவான். நோயின்னு போட்டா அத்தோட முடிஞ்சிரும். அவருக்கு வயித்து வலி எதுனா இருந்துச்சா?"

முத்தம்மா யோசித்தாள். ஒரே ஒருநாள் இருந்தது. மாதா கோயில் தேருக்கு மறுநாள், பிரியாணி கூடிப்போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். சோடா வாங்கிக் கொடுத்தாள், சாயங்காலம் எழுந்து போய் கேரம் ஆடினார். பக்கத்தில் மாமனார் லூர்துசாமி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். அவரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இருந்துச்சு சார்."

அப்படியே எல்லாம் நடந்தது. தானாக உயிரை விட்டவருக்குக் கல்லறை கிடைக்காது என்ற பயத்தில் கோயிலிலும் நோயில் இறந்தார் என்றே சொன்னார்கள்; பூசை வைத்தார்கள், கல்லறையில் இடம் கொடுத்தார்கள். உண்மையைச் சொல்லியிருந்தாலும் கொடுத்திருப்போம் என்று ரொம்ப நாள் கழித்து ஒரு ஃபாதர் சொன்னாராம். அன்றைக்குக் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. ஏழு வயது அனு நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து பன் தின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா வயித்து வலியில் செத்துப்போனார் என்று அவள் தெரிந்துகொண்டது அப்போதுதான்.

5

இனி அனு. இந்தப் பாத்திரத்தைப் பற்றி எனக்கு நிறைய சந்தேகம் இருந்தது. நம்புகிற மாதிரி இல்லையே என்று.

இப்போது அவளுக்கு இருபத்தொரு வயது. தி.நகரில் ஒரு பெரிய துணிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் நிற்கிறாள். நிற்கிறாள் என்பதை நேரடியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் குறைந்த பிறகுதான் சாப்பிட அனுப்புவார்கள். தி.நகரில் கூட்டம் எப்போது குறையும் என்று உங்களுக்கே தெரியும்.

பன்னிரண்டு வயதில் ஒருநாள் அவளுக்கு வயிறு வலித்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் வலிக்கிற மாதிரிதான். அன்றைக்கு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள்: தனக்கு இருப்பது அப்பாவின் வயிறு. அன்றோடு காரத்தை நிறுத்தினாள். மீன்காரி வீட்டில், மீன் குழம்பு கொதிக்கிற வீட்டில், ஒரு பெண் ஒன்பது வருஷமாகத் தயிர்ச் சோறு சாப்பிடுகிறாள். மயிலாப்பூர் மாமிகள்கூட இத்தனை பத்தியம் இருந்து நான் பார்த்ததில்லை.

சோறோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கோடம்பாக்கத்தில் செல்போன் பழுது பார்க்கும் செம்பியன் என்கிற பையனுக்கு அவளைக் கட்டிக்கொள்ள ஆசை. அவளுக்கும் ஆசைதான். ஆனாலும் அவனிடம் சொல்லிவிட்டாள். "எங்கப்பா முப்பத்தொண்ணுல போய்ட்டாரு. எனக்கும் அதே வயிறுதான். உன்ன ஒரு கைக்கொழந்தையோட தனியா வுட்டுட்டுப் போவணுமா? வேற பொண்ணப் பாரு."

முத்தம்மா இதை என்னிடம் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். "சொல்லித் தொலையேன் முத்தம்மா! வயித்து வலியே இல்லைன்னு சொல்லு."

"சொன்னா, அப்ப எதுன்னு கேப்பா."

"அதையும் சொல்லு."

அவள் கத்தியைப் பலகை மேல் வைத்தாள். "அப்பன் செஞ்சது பொண்ணு மனசுலயும் பூந்துருமோன்னு பயமா கீது டீச்சர். வயிறுன்னா மருந்து கீது. அதுக்கு இன்னா கீது?"

நான் கணக்கை எடுத்துவிட்டேன். ஒரு வீட்டில் ஒருவர் அப்படிப் போனால் மற்றவர்களுக்கு அபாயம் கொஞ்சம் கூடுவது உண்மைதான், ஆனால் சின்ன எண் கொஞ்சம் கூடினாலும் சின்ன எண்தான், பெரும்பாலானவர்களுக்கு அப்படி எதுவும் நடப்பதில்லை என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"நீ சொல்றது ஊருக்கு டீச்சர். எனக்குக் கீறது ஒண்ணு."

6

எனவே முடிவுகளைத் தயார் செய்தேன். இவை மூன்றும் நடக்கவில்லை, நான் எழுதிப் பார்த்தவை மட்டும்.

அ. மாலை நேரக் கடற்கரை. தாயும் மகளும் மணலில் உட்கார்ந்திருக்கிறார்கள். தாய் சொல்கிறாள், மகள் தாயின் மடியில் முகம் புதைக்கிறாள். [முத்தம்மா மணலில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கடல் அவளுக்கு வேலை நடக்கிற இடம். நீங்கள் ஆபீஸ் மொட்டை மாடியில் போய் அழுவீர்களா?]

ஆ. அனுவுக்கு எல்லாம் முன்பே தெரியும். அம்மாவுக்காகத் தெரியாத மாதிரி நடித்தாள். [இந்த மாதிரி முடிவுகளுக்கு இப்போது நல்ல கிராக்கி. ஆனால் நடிப்பவள் ரகசியமாக ஒரு நெத்திலி வறுவலாவது தின்றிருக்க மாட்டாளா? இவள் நிஜமாகவே ஒன்பது வருஷம் காரம் தொடவில்லை.]

இ. யாரும் எதுவும் சொல்லவில்லை. வருஷங்கள் போயின. ஒருநாள் அனு [இதை இரண்டு வாக்கியம் எழுதிக் கிழித்துப் போட்டேன். பேனா என் கையில் இருக்கிறது என்பதற்காக ஒரு பெண்ணை அந்த அட்டவணைக்குள் அனுப்ப முடியாது. கதை நன்றாக வராவிட்டால் வராமல் போகட்டும்.]

7

நடந்தது இது.

துணிக்கடையில் அனு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் காலை மந்தைவெளியில் டாக்டர் வஜீஹாவின் கிளினிக்குக்கு முத்தம்மா அவளை அழைத்துக்கொண்டு வந்தாள். எனக்கும் அதே டாக்டர்தான். "நீயும் வா டீச்சர், எனக்கு அவங்க சொல்றது புரியாது" என்றாள். அவளுக்கு எல்லாம் புரியும். பக்கத்தில் ஓர் ஆள் வேண்டியிருந்தது.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். எப்போது வலிக்கிறது, எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய் என்றெல்லாம் கேட்டார். பிறகு எழுதிக்கொண்டே, "வீட்ல வேற யாருக்காவது வயித்துல பிரச்சனை இருந்துச்சா?" என்றார்.

"எங்கப்பாவுக்கு டாக்டர்" என்றாள் அனு. பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற குரல். "தீராத வயித்து வலி. தாங்க முடியாம எறந்துட்டாரு. முப்பத்தொண்ணு வயசு."

டாக்டரின் பேனா நின்றது. அவரும் இதே ஊரில் தமிழ்ப் பேப்பர் படித்து வளர்ந்தவர். நிமிர்ந்து முத்தம்மாவைப் பார்த்தார். முத்தம்மா என்னைப் பார்த்தாள். நான் எடை பார்க்கும் மெஷினைப் பார்த்தேன். அந்த அறையில் அனு ஒருத்தியைத் தவிர எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

"எந்த ஆஸ்பத்திரில காட்டுனீங்க? ஸ்கேன், ஆபரேஷன் ஏதாவது?" டாக்டரின் குரல் மெதுவாக இருந்தது.

அனு அம்மா பக்கம் திரும்பினாள். "எந்த ஆஸ்பத்திரிம்மா?" இத்தனை வருஷத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை.

"நீங்க சொல்றத வெச்சுதாம்மா நான் டெஸ்ட் எழுதணும்" என்றார் டாக்டர். "அப்பாவுக்குப் பெரிய வியாதி எதுவும் இருந்திருந்தா, உள்ள குழாய் விட்டுப் பாக்கணும். இல்லைன்னா இந்தப் பொண்ணுக்கு அது தேவையே இல்ல."

வெளியே டோக்கன் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"பொய்யி டாக்டரம்மா" என்றாள் முத்தம்மா.

"என்னது பொய்?"

"வயித்து வலி. அவருக்கு வயித்து வலியே இல்ல. அவரே தானா" [அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.]

அனு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்ன சொல்வாள் என்று நான் பல விதமாக எழுதி வைத்திருந்தேன். 'ஏன் மறைத்தாய்' என்பாள், 'அப்பா' என்று கதறுவாள், எழுந்து வெளியே ஓடுவாள். அவள் சொன்னது எதிலும் இல்லை.

"அப்ப காரம்?"

"இன்னா பாப்பா?"

"ஒம்போது வருசமா நான் காரமே துன்னலியேம்மா. நீ தெனம் கொழம்பு வெக்கிற. வாசன வந்தா மூக்கப் புடிச்சிக்கினு அந்தாண்ட போய்க் குந்திக்கினு துன்னேனே. பாத்துக்கினுதான இருந்த?"

சொல்லிக்கொண்டே சிரித்தாள். பிறகு அம்மாவின் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். அடித்த கையை எடுக்கவில்லை, அப்படியே அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முத்தம்மாவும் அழுதாள். நானும்தான். எந்த அட்டவணையைப் பார்த்தும் நான் அழுததில்லை.

டாக்டர் அவசரப்படுத்தவில்லை. தண்ணீர் கொடுத்தார். "ஏம்மா அப்டிப் பண்ணாரு?" என்று அனு கேட்டாள்.

"தெரில பாப்பா. மாதா மேல சத்தியமா எனக்குத் தெரில."

பஞ்சாட்சரத்திடம் அவள் முதலில் சொன்ன பதிலும் அதுதான். அதை எழுதத்தான் ஒருவரும் விடவில்லை.

டாக்டர் நாற்காலியை அனு பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நேரத்துக்குச் சாப்பிடாம வயித்தப் புண்ணாக்கி வெச்சிருக்க, அதுக்கு மாத்திரை தரேன். இன்னொண்ணு கேளு. அப்பா அப்படிப் போனார்னா நீயும் அப்படித்தான்னு அர்த்தம் இல்ல. ஆனா அது உனக்கும் தெரியணும், எனக்கும் தெரியணும். மனசு கனமா இருந்தா, வயித்த வலிக்குதுன்னு வர மாதிரியே வந்து சொல்லு. நான் இல்லாட்டி இந்த நம்பர்ல பேசு." மாத்திரைகளுக்குக் கீழே 104 என்ற அரசு உதவி எண்ணை எழுதினார்.

 இம்மாதிரிக் கதைகளின் அடியில் பத்திரிகைகள் அந்த எண்ணைக் கட்டம் கட்டிப் போடும். கதையின் அழகு கெடுகிறது என்று முன்பெல்லாம் முணுமுணுப்பேன். இந்த முறை நானே கதைக்குள் வைத்துவிட்டேன்.

8

அடுத்த வாரம் லீவு நாளில் அனு என் வீட்டுக்கு வந்தாள். அட்டவணையைப் பார்க்க வேண்டுமாம். மடிக்கணினியில் 2011ஐத் திறந்து காட்டினேன். நோய் என்ற கட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இதுல ஒண்ணு எங்கப்பாவா டீச்சர்?"

"ஆமாம்."

"எது சரியான கட்டம்?"

நான் கீழே இறங்கி 'காரணம் தெரியவில்லை' என்ற கட்டத்தைக் காட்டினேன்.

"இங்க மாத்த முடியாதா?"

"முடியாதும்மா. பழைய வருஷம், அச்சடிச்சு முடிச்சாச்சு. மாத்தினாலும் நாட்டுக் கணக்குல ஒரு புள்ளிகூட அசையாது."

"அசைய வாணாம் டீச்சர். சரியா இருந்தா போதும்."

இதையெல்லாம் கதையாக எழுதட்டுமா என்று அப்போதுதான் கேட்டேன். யோசித்துவிட்டு, "எழுதுங்க. எம் பேர மாத்திருங்க" என்றாள். என்ன பேர் வைக்க என்றதற்கு, "அனு. சின்னதா கீது" என்றாள். பிறகு முத்தம்மாவும் தனக்கு ஒரு பெயர் சொன்னாள், மாமியார் பெயராம், அதையே வைத்துவிட்டேன். செபஸ்தியானுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டபோது மட்டும் முத்தம்மா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள்.

"அவரு பேர மாத்தாத டீச்சர். ஒரு தபா மாத்துனது போதும்."

செம்பியனை அனு கட்டிக்கொள்வாளா என்று கேட்கிறீர்கள். தெரியாது. நெத்திலிக் குழம்பு சாப்பிட வந்தான் என்று மட்டும் கேள்வி. மிளகாய்த் தூள் போட்ட குழம்பு. பழக்கம் விட்டுப்போனதால் இரண்டாவது கவளத்திலேயே அனு செம்பு நிறையத் தண்ணீர் குடித்தாளாம்.

9

கட்டுரையையும் அட்டவணையையும் தமிழ்மாறனுக்கு அனுப்பினேன். இந்தக் கதையையும் கூடவே அனுப்பினேன், பக்கத்துப் பக்கத்தில் போடச் சொல்லி. இரண்டாம் நாள் போன் வந்தது.

"மேடம், 2011ல ரெண்டு கட்டம் ஒத்து வரல. அரசாங்கத்தோட டேபிளை வெச்சுச் சரிபார்த்தோம். நோய்ல ஒண்ணு குறையுது, காரணம் தெரியவில்லைல ஒண்ணு கூடுது. மொத்தம் சரியா இருக்கு. டைப்பிங் மிஸ்டேக்கா?"

தசமப் புள்ளி ஒரு இடம் தள்ளிப் போனதற்காகப் பரீட்சையில் பிள்ளைகளைப் பெயிலாக்கியவள் நான். "மிஸ்டேக் இல்லை" என்றேன்.

"அப்போ ஆதாரம்னு கீழ என்ன போடறது?"

"முத்தம்மா, மீன் வியாபாரம், பட்டினப்பாக்கம்னு போடுங்க."

கதையைப் படித்துவிட்டுத்தான் போன் செய்திருந்தார் என்று எனக்குத் தெரியும். "ஒரு ஆள் சொன்னாங்கன்னு தேசியப் புள்ளிவிவரத்தை நாம மாத்த முடியுமா மேடம்? நாளைக்கு எல்லாரும் அவங்கவங்க வீட்டு ஆளை மாத்துங்கன்னு வந்தா?"

நல்ல கேள்வி. நான் பத்திரிகை ஆசிரியராக இருந்திருந்தால் இதே கேள்வியைக் கேட்டிருப்பேன். "வரட்டுமே" என்றேன்.

"சாயங்காலம் பக்கம் அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள முடிவு சொல்லுங்க."

நான் சொல்லவில்லை, இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் எழுதி அனுப்பினேன். இதழை அச்சுக்கு அனுப்புகிறவர் அவர், என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. ஆகவே பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் அட்டவணை அரசாங்கத்துடையதா என்னுடையதா என்று உங்களுக்கு நான் சொல்ல முடியாது. ஒரு பென்சில் எடுத்து வையுங்கள். 2011 என்ற வரிசையைப் பாருங்கள். நோயில் ஒன்றைக் கழிப்பதும், 'காரணம் தெரியவில்லை'யில் ஒன்றைக் கூட்டுவதும், இல்லை உள்ளபடியே விடுவதும் உங்கள் இஷ்டம். எப்படிச் செய்தாலும் மொத்தம் மாறாது.

பென்சிலை உடனே கீழே வைத்துவிடாதீர்கள். மற்ற வருஷங்களும் அதே அட்டவணையில் இருக்கின்றன. உங்கள் வீட்டில் யாருக்கு வயிறு வலித்தது?